மூக்குக்கண்ணாடி போட்ட தளபதி

பேர்லினில் எங்கள் அகதி விடுதியில் பக்கத்து அறை ஒரு லிபியாக்காரருடையது. அவர் சுவரில் ஒரு கிழவரின் படம் தொங்கியது. வெள்ளைத் தாடி, மூக்குக்கண்ணாடி, கையில் விலங்குச் சங்கிலி. எட்டு வயதில் எனக்கு அறிவு குறைவு, கேள்வி அதிகம்.

“இவர் என்ன களவெடுத்தவர்?”

“நாட்டைக் களவெடுக்க வந்தவையை மறிச்சவர்.”

பேச்செல்லாம் ஜெர்மனில்தான். அவருடைய அரை ஜெர்மனையும் என்னுடைய அரையையும் கூட்டினால் கால்தான் தேறும். கிழவர் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த வாத்தியாராம். இத்தாலிக்காரர் கப்பலில் வந்திறங்கியதும் குதிரையில் ஏறித் தளபதியானவர், இருபது வருடமாகியும் இறங்கவில்லையாம்.

“குதிரையை விட்டோ?”

“மலையை விட்டு. அங்கை நிண்டுதான் சண்டை பிடிச்சவர்.”

கடைசியில் குதிரை துவக்குச் சூடுபட்டு விழ, அவரைப் பிடித்துத் தூக்கில் போட்டார்களாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுட்டாரா, போட்டுக்கொண்டு சுட்டாரா என்பதே என் கவலை.

எங்கள் மாமாவும் அப்போது ஊரில் இயக்கத்தில் சேர்ந்து துவக்கோடு நின்றார். அம்மாவின் ஒரே தம்பி. நான்கு மாதமாகக் கடிதமில்லை. தபால்காரர் வரும் நேரம் பார்த்து அம்மா கூட்டிய படிக்கட்டையே மறுபடி கூட்டுவாள்; ஏன் என்று லிபியாக்காரருக்கும் தெரியும்.

ஊரில் சில படங்களில் குங்குமப் பொட்டும் மாலையும் பார்த்திருந்தேன். பெரிய ஆட்களுக்குக் கொடுக்கும் பதக்கம் அது என்பது என் ஆராய்ச்சி முடிவு. லிபியாக்காரர் தேநீர் போடச் சமையலறைக்குப் போன இடைவெளியில், அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்து வந்த குங்குமத்தால் தளபதிக்குப் பொட்டு வைத்தேன். கூடவே எடுத்து வந்த பிளாஸ்டிக் பூச்சரத்தில் பாதியை மாலையாக்கினேன். திரும்பி வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தேநீரைக் கீழே வைத்தார். பிறகு எனக்கு இரண்டு சீனிக்கட்டி தந்தார்.

வெற்றி தலைக்கேறிவிட்டது. மீதிப் பூச்சரத்தோடு எங்கள் அறைக்கு ஓடி, மாமாவின் படத்துக்கும் அதே மரியாதையைச் செய்தேன்.

அம்மா வந்து பார்த்தாள். அடி விழுந்த பிறகுதான் பேச்சே வந்தது.

“ஆரைக் கேட்டடி இதை வைச்சனி?”

பூச்சரத்தை அறுத்தெறிந்துவிட்டுச் சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். பொட்டுப் போன பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

மாமாவுக்கும் மாலை போட்டதையும், தன் தம்பி பெரிய ஆளாவது அம்மாவுக்குப் பொறாமை என்பதையும் பக்கத்து அறையில் போய் அழுதுகொண்டே முறையிட்டேன். லிபியாக்காரர் சிரிக்கவில்லை.

“கடிதம் வந்ததோ?” என்று மட்டும் கேட்டார்.

நான் பொறாமையைச் சொல்கிறேன், இவர் கடிதத்தை விசாரிக்கிறார். பாவம், மனிதருக்கு ஜெர்மன் இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.