கந்தையா அண்ணை அணைத்த தீ

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணையின் மாட்டுக்கொட்டிலுக்கும் பின்னால் ஒரே பனங்காணி. ஒவ்வொரு பங்குனியிலும், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்குமுன், அங்குள்ள காய்ந்த புல்லை அவர் காலைப் பனி ஈரத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடுவார். பக்கத்தில் தண்ணீர் வாளிகள் இருக்கும்.

ஒருமுறை வேலியடியில் நின்று கத்தினேன். "பிள்ளையளின்ரை பள்ளிக்கூட உடுப்பெல்லாம் புகை மணக்குது அண்ணை. இனி எரிச்சா ஊர் விதானையாரிட்டைச் சொல்லுவன்."

"ஓம் பிள்ளை, நிப்பாட்டுறன்" என்று தீயை அணைத்துவிட்டார்.

அந்த ஆனியில் ஒரு மத்தியானம், எரிக்காமல் விட்ட அந்தப் புல் எப்படியோ பற்றியது. சோளகம் தீயைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஓடிவந்த கந்தையா அண்ணை முதலில் எங்கள் கிடுகு வேலிக்குத்தான் தண்ணீர் ஊற்றினார். உள்ளே என் பிள்ளைகள் இருந்தார்கள். அதற்குள் அவருடைய கொட்டில் எரிந்துவிட்டது, கட்டியிருந்த பசுவோடு.

அவர் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

அடுத்த பங்குனியில் நானே வாளிகளோடு போய், "எரிப்பம் அண்ணை" என்றேன்.

பசு கட்டியிருந்த வெறும் கட்டையைப் பார்த்தபடி, "இனி ஆருக்கு, பிள்ளை?" என்றார்.

கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்காமலே அன்று நான் தீ வைத்தேன். அந்தப் புகை மணம் ஒருமுறை தோய்த்ததும் போய்விட்டது.