முகில் புத்தகத்தின் தவணை

இரவல் கொடுத்த நூலகமே எரிந்துபோன பிறகு, இரவல் வாங்கிய புத்தகத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

கேட்பவர்களுக்கு இது விடுகதை போல இருக்கும். ஜெர்மனியின் ரவுன்ஹைமில், விமானங்கள் கூரையை உரசிக்கொண்டு இறங்குவதுபோல் தோன்றும் தெருவில், மூன்றாம் மாடியில் குடியிருந்த கமலநாயகிக்கு அது விடுகதை அல்ல. அது அவளுடைய படுக்கையறை அலுமாரியின் மேல் ஒரு விசுக்கோத்துத் தகரத்துக்குள் இருந்தது. தூசு துடைக்க வாரம் ஒருமுறை அதை இறக்கி ஏற்றுவாள்.

அறுபத்துநான்கு பக்கங்கள் கொண்ட மெல்லிய புத்தகம். முகில்களைப் பற்றிப் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கென்று யாரோ எழுதியது. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் யாழ்ப்பாண நூலகத்தின் முத்திரையும், ஊதா மையில் ஒரு திகதியும் இருந்தன: 1981 ஜூன் 11. அன்றைக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். நூலகம் எரிந்தது அதற்குப் பத்து நாள் முன்பு.

அவளுடைய கணவர் அருட்பிரகாசம் அன்று தேடிப் போனது துப்பறியும் நாவல் ஒன்றை. பூட்டும் நேரம். மணி அடித்துவிட்டார்கள். மேசையில் குவிந்து கிடந்தவற்றில் கைக்கு வந்ததை எடுத்து நீட்டி, திகதி குத்திக்கொண்டு வந்துவிட்டார். எண்பத்திரண்டில், கல்யாணமான புதிதில், அவளிடம் சொல்லிச் சிரித்தார்.

"கொலை எப்ப வரும், எப்ப வரும் எண்டு ஒன்பதாம் பக்கம் மட்டும் பாத்தன். மழைதான் வந்தது."

அந்தப் புத்தகத்தோடுதான் எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்குள் வந்தார். அகதி விசாரணையில், ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று அதிகாரி கேட்டார். நூலகத்தை எரித்துவிட்டார்கள் என்றார் அருட்பிரகாசம். உனக்கு என்ன நடந்தது என்று மறுபடியும் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, நூலகத்துக்குத்தான் நடந்தது என்றார். மொழிபெயர்க்க வந்த தமிழர் தலையில் கைவைத்தார். "தம்பி, உமக்கு நடந்ததைச் சொல்லும். லைப்ரரிக்கு இஞ்ச விசா குடுக்கமாட்டாங்கள்." அருட்பிரகாசம் ஆதாரமாகப் புத்தகத்தை மேசையில் வைத்தார். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். திரள் முகில், கீற்று முகில், படை முகில் எல்லாவற்றின் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். வேறு காரணங்களுக்காக, பல வருடங்கள் கழித்து, ஒரு வழக்கறிஞரின் முயற்சியால் அனுமதி கிடைத்தது.

கிடைத்தும் அவர் வந்து சேரவில்லை என்பதுதான் கமலநாயகியின் குறை. வீட்டில் ஒரு சுவரிலும் ஓர் ஆணி கிடையாது. கல்யாணப்படம் தொலைக்காட்சிப் பெட்டியில் சாய்ந்து நின்றது. மகள் கிருசாந்தி பள்ளிக்கூடத்தில் வாங்கிய சான்றிதழ்கள் உறைக்குள் கிடந்தன. அவள் தாதிப் பயிற்சிக்கு ஸ்டுட்கார்ட் போன பிறகும் அப்படியே கிடந்தன. கேட்டால், "போகேக்க எல்லாம் கழட்டவேண்டி வரும்" என்பார். எங்கே போகும்போது, எப்போது போகும்போது என்று சொல்லமாட்டார். ஒரு பேருந்துத் தரிப்பிடத்தில் பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியதுபோல் அவளுக்கு இருந்தது. அந்தத் தகரம் வெறுமையானால்தான் மனிதர் பெட்டியைக் கீழே வைப்பார் என்று அவள் நம்பினாள். புத்தகம் போகவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவருக்கு வேலை பிராங்பேர்ட் விமான நிலையத்தில், தொலைந்த பொதிகள் சேரும் களஞ்சியத்தில். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வழிதவறி வந்த பெட்டிகளின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து அனுப்பிவைப்பார்கள். உயரமான தட்டுகளுக்கு நடுவே, கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சத்தில், அவர் பெட்டிகளின் காதுகளில் தொங்கும் சீட்டுகளை வாசித்துக்கொண்டே நடப்பார். விமான இருக்கைகளில் மறந்துவிட்ட புத்தகங்களும் அங்கேதான் வரும். மூன்று மாதம் வைத்திருந்து பழைய தாளோடு போட்டுவிடுவார்கள்.

"அண்ணை, குடையைத் தேடி வாறான், பொய்ப்பல்லைத் தேடி வாறான். புத்தகத்தைத் தேடி ஒருத்தனும் வந்ததில்லை" என்பார் கூட வேலைசெய்த ஜேசுரட்ணம். "நீங்கள் ஒராள்தான் புத்தகத்தை வைச்சுக்கொண்டு லைப்ரரியைத் தேடுறியள்."

இரண்டாயிரத்தொன்றின் இலையுதிர் காலத்தில், மேலட்டை கிழிந்த ஒரு ஜெர்மன் நாவல் அப்படி வந்து தவணை முடிந்து கிடந்தது. பெயரும் தெரியவில்லை, எழுதியவரும் தெரியவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏன் அதை எடுத்தார் என்று கேட்டபோது, முதல் பக்கத்தில் தனக்குத் தெரிந்த ஒரு சொல் இருந்தது என்றார். நூலகம் என்ற சொல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை மேசையில் இருவரும் உட்காருவார்கள். கமலநாயகி முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை செய்ததால் அவளுடைய ஜெர்மன் அவருடையதைவிட ஓடும். அவர் எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பார். அவள் அகராதி பார்ப்பாள். ஓர் ஆங்கில அகராதி, ஒரு தமிழ் அகராதி என்று இரண்டு படி ஏறி இறங்கவேண்டும். ஒரு மதியத்துக்கு இரண்டு பக்கம் நகர்ந்தால் அது நல்ல மதியம். யன்னலுக்கு வெளியே விமானங்கள் முகிலுக்குள்ளிருந்து மெதுவாக வெளிப்பட்டு, சக்கரங்களை நீட்டி, மரங்களுக்குப் பின்னால் மறையும். ஒவ்வொன்று போகும்போதும் வாசிப்பை நிறுத்தி, சத்தம் அடங்கிய பிறகு விட்ட இடத்தில் தொடர்வார்.

கதை ஒரு வருங்கால நகரத்தில் நடந்தது. அங்கே யாரும் புத்தகத்தைப் பறிக்கவில்லை. நூலகம் ஓர் அறிவித்தல் அனுப்புகிறது: இரவல் போன எல்லாப் புத்தகங்களையும் திருப்பித் தரவும். நல்ல குடிமக்கள் நல்ல உடுப்புப் போட்டு, தூசு தட்டி, வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். நூலகத்தார் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கியவை நிலவறையில் உள்ள கொதிகலனுக்குள் போகின்றன. அங்கே கொதிக்கும் தண்ணீர் குழாய்களில் ஓடி நகரத்து வீடுகளையெல்லாம் சூடாக்குகிறது. இந்த மாரிக் குளிர்காலம் எவ்வளவு இதமாக இருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். தபால் நிலையத்தில் வேலைசெய்யும் ஒருத்தி மட்டும் ஒரு புத்தகத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கிறாள். வாரம்தோறும் ஓர் அதிகாரி அவள் வீட்டுக்கு வருகிறான். அதட்டுவதில்லை. தேநீர் குடித்துவிட்டு, எப்போது தருவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

பெரிய நாவல் என்று சொல்ல முடியாது. வாசிப்பின் மேன்மையைப் பற்றி மூன்று பக்கத்துக்கு ஒருமுறை யாராவது பிரசங்கம் செய்தார்கள். அந்தப் பெண் பல் துலக்கும்போதுகூட ஞானம் பேசினாள். ஆனால் ஓர் இடம் உண்மையாக இருந்தது. அதிகாரி எழுந்து போகுமுன் அவளுடைய சுவரோரத்துச் சூடாக்கியில் உள்ளங்கையை வைக்கிறான். இதமாக இருக்கிறது, இல்லையா என்கிறான். அவன் போன பிறகு அவளும் கையை வைக்கிறாள். இதமாகத்தான் இருக்கிறது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பக்கத்தை முடித்த அன்று வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கமலநாயகி தன்னுடைய சமையலறைச் சூடாக்கியைத் திரும்பிப் பார்த்தாள். அதன்மேல் அவருடைய காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இதையே வாசிச்சுக்கொண்டிருந்தா நீங்கள் எந்தக் காலத்தில புத்தகம் குடுக்கிறது?" என்றாள்.

"ஆர் குடுக்கமாட்டன் எண்டது? லைப்ரரி வரட்டும், குடுக்கிறன்."

"லைப்ரரி என்ன பஸ்ஸே, வாறதுக்கு?"

அவர் அடுத்த வரியில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தார். அவுஸ்லைஹென். அவள் அகராதியைப் புரட்டி, "இரவல் கொடுத்தல்" என்றாள். பிறகு கீழே பார்த்து, "இரவல் வாங்குதல்" என்றாள்.

"ரெண்டும் எப்பிடி ஒண்டாகும்? குடுத்தவனும் வாங்கினவனும் ஒரு ஆளோ?"

"பக்கத்துச் சொல்லைப் பாத்து விளங்கிக்கொள்ளோணும்."

"பக்கத்துச் சொல் எரிஞ்சுபோனா?"

அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பனியைப் பார்த்தபடி, வெளிச்சம் குறையும்வரை இருந்தார். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஏடு கட்டியது.

நாவலை முடிக்க இரண்டு மாரி ஆயிற்று. கடைசியில் அந்த அதிகாரி கதகதப்பில் கதிரையிலேயே தூங்கிவிடுகிறான். அவள் அவனுக்குக் கேட்காத குரலில் புத்தகத்தை வாசிக்கத் தொடங்குகிறாள். அவ்வளவுதான். முடிக்கத் தெரியாமல் முடித்ததுபோல் இருந்தது. அருட்பிரகாசம் தன் வாழ்க்கையில் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்த முதல் நாவல் அதுதான். வாசித்ததால் அவர் உயர்ந்துவிட்டார் என்று கமலநாயகிக்குத் தோன்றவில்லை. முன்பு கூப்பிட்ட உடனே திரும்புகிறவர், இப்போது இரண்டாம் முறைதான் திரும்பினார்.

அதற்குள் ஊரில் சமாதானம் என்று சொன்னார்கள். பாதை திறந்தது. அகதிப் பத்திரத்தில் இலங்கைக்குப் போக முடியாது. அதனால் அவர் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். "புத்தகம் திருப்பிக் குடுக்கிறதுக்காக ஜெர்மன்காரனான முதல் ஆள் எங்கட அண்ணைதான்" என்று ஜேசுரட்ணம் களஞ்சியம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டாயிரத்து நான்கில் கமலநாயகியின் ஒன்றுவிட்ட தம்பி அன்ரன் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் சொன்னான்: நூலகத்தைத் திறந்துவிட்டார்கள். வெள்ளைக் கட்டடம். நான் தினமும் போய்ப் பத்திரிகை வாசிக்கிறேன்.

ஆடி மாதம் புறப்பட்டார்கள். அன்று காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தால் கேத்தல் கொதித்துக்கொண்டே இருந்தது. யன்னல் கண்ணாடி முழுக்க ஆவிப் புகார் படிந்திருந்தது. வீட்டுக்குள் முகில் இறங்கியதுபோல் இருந்தது. அருட்பிரகாசம் மேசையருகே நின்றார். மேசையில் ஒரு கோப்பையும் இல்லை.

"என்னப்பா, தேத்தண்ணியோ?"

"ஓம், ஓம். வேண்டாம். நேரம் போட்டுது."

தன் பெட்டியைத் தானே அடுக்கினார். வழக்கம் இல்லாத வழக்கம். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அலுமாரியின் மேல் தகரம் மூடி திறந்து கிடந்ததைக் கண்டதும் அவளுக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் நூலகத்து வாசலில் அவளையும் அன்ரனையும் முச்சக்கர வண்டியிலேயே இருக்கச் சொன்னார். "நான் தனிய போட்டு வாறன்." தோளில் துணிப்பை. வெயிலில் வெண்மையாக எரிந்த அந்தக் கட்டடத்துக்குள், படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறிப் போனார். அரை மணித்தியாலம் கழித்து வந்தபோது பை தட்டையாகத் தொங்கியது.

"குடுத்தாச்சோ?"

"ஓம். குடுத்தாச்சு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுவதை அன்ரன் பார்க்கக்கூடாது.

ரவுன்ஹைமுக்குத் திரும்பிய சனிக்கிழமை, அழுக்கு உடுப்புகளைப் பிரித்தபோது அவருடைய நீலச் சட்டையின் மடிப்புக்குள்ளிருந்து முகில் புத்தகம் விழுந்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓர் அட்டை, அறுபத்துநான்கு பக்கம், எல்லாம் அப்படியே. கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். திகதி குத்திய தாள் அங்கே இல்லை. அது ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் பக்கம் வெளிறி, ஒரு சதுரமாக, சாத்திய யன்னல்போல் இருந்தது. ஓரங்களில் பசை சுருண்டிருந்தது. கேத்தலின் ஆவி அப்போது அவளுக்கு நினைவு வந்தது. சமையலறைத் தட்டில் போய்ப் பார்த்தாள். அகராதிகள் இரண்டும் இருந்தன. நாவல் இல்லை.

அவராகச் சொல்லட்டும் என்று இருந்தாள். அவரோ கடைக்குப் போய்ப் பலகை ஒன்றும் இரும்புத் தாங்கிகளும் வாங்கி வந்தார்.

மறுநாள் அன்ரனின் அழைப்பு வந்தது.

"அக்கா, உங்கட மனுசன் என்ன செய்து வைச்சிருக்கிறார்? அன்பளிப்புத் தட்டில ஒரு ஜெர்மன் புத்தகம் கிடக்கு. மேலட்டையும் இல்லை. கடைசிப் பக்கத்தில எங்கட பழைய லைப்ரரியின்ர தாள் ஒட்டிக்கிடக்கு. எண்பத்தொண்டு ஜூனில திருப்பித் தரோணுமாம். எரியாமல் தப்பின புத்தகம் எண்டு ஆக்கள் வந்து வந்து தொட்டுப் பாக்கினம். அந்தக் காலத்திலயே எங்களிட்ட ஜெர்மன் புத்தகம் இருந்ததோ எண்டு ஒரு வாத்தியார் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?"

"ஆரும் வாசிக்கினமோ?"

"ஆரக்கா ஜெர்மன் வாசிக்கிறது? பக்கத்தைப் பிரட்டிப்போட்டு வைக்கினம்."

அவள் தொலைபேசியை வைப்பதற்குள் வரவேற்பறையிலிருந்து துளைபோடும் சத்தம் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை துளைபோடக்கூடாது. போத்தலைக்கூடக் குப்பைத் தொட்டியில் சத்தமாகப் போடாத மனிதர் அவர். கீழ் வீட்டுக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையை இடித்தாள். அவர் நிறுத்தவில்லை. நாலு துளை போட்டு, தாங்கிகளை முடுக்கி, பலகையை ஏற்றினார். சுண்ணாம்புத் தூள் அவருடைய தலையிலும் தோளிலும் படிந்திருந்தது.

"இஞ்சருங்கோ, ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"கமலா, தட்டு நேராக் கிடக்கோ எண்டு பாரும்."

அவள் நாலடி பின்னுக்குப் போய்ப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. பின்னாளில் எத்தனையோ விதமாகக் கேட்டாள். கோபித்தும் கேட்டாள், கேலியாகவும் கேட்டாள். ஜேசுரட்ணத்தை விட்டும் கேட்கவைத்தாள். அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

அன்று அவர் தோளைத் தட்டிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். முகில் புத்தகத்தை எடுத்துவந்து, புதுத் தட்டின் நடுவில், முகப்புத் தெரிய நிறுத்தினார். விசுக்கோத்துத் தகரத்தை அவளிடம் நீட்டி, இதில் சீனி போட்டு வைக்கலாம் என்றார்.