எட்டு வரிச் சீட்டு

மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் ஸ்டோர் அக்கா. பெரிய டாக்டரிலிருந்து படி துடைப்பவர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடித்தளத்தில் இருக்கும் சாமான் அறை இருபத்திரண்டு வருடமாக அவள் பொறுப்பு. கையுறை, பஞ்சு, படுக்கை விரிப்பு, மூத்திரப் பை, நோயாளியைத் தூக்கும் பட்டை எல்லாம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சொல்லிவிட்டுத் தன்னையே நம்பவும் மாட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏணி போட்டு ஏறி, பெட்டி பெட்டியாகத் தொட்டு எண்ணுவாள். நோட்டில் பதினாறு என்று இருந்து தட்டில் பதினைந்து இருந்தால், அந்த ஒன்று எங்கே போயிற்று என்று தெரியாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. போன வருடம் கட்டியதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு கேட்டிருந்தார்கள்.

"என்னங்க, இதைப் பாத்தீங்களா?"

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவசரப்படாத மனிதர். "பாத்தேன். அச்சுப் பிழையா இருக்கும்னு கண்ணாடியத் துடைச்சுட்டு மறுபடியும் பாத்தேன். அப்பவும் அதே தொகைதான்."

"என்ன பண்றது?"

"பேசாம விட்டுடலாமா? பாதிப் பேரு இன்ஷூரன்ஸ் இல்லாமத்தான் நிம்மதியாத் தூங்குறாங்க."

"அந்தப் பாதிப் பேரு கட்டில்ல சீலிங் விழுந்திருக்காது."

ஏழு வருடத்துக்கு முன்னால் மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே வெடித்து, யாருக்கும் தெரியாமல் இரண்டு நாள் கசிந்து, கீழறைக் கூரைப் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து மாமனாரின் கட்டிலில் விழுந்தது. மாமனார் அப்போது கழிப்பறையில் இருந்தார். அவருக்கு மலச்சிக்கல் என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த குடும்பம் அன்றோடு குறைப்படுவதை நிறுத்திக்கொண்டது. கூரை, கட்டில், மின்சார ஒயர் எல்லாவற்றுக்கும் காப்பீட்டுக் கம்பெனிதான் பணம் கொடுத்தது. கைப்பணத்தில் செய்திருந்தால் இன்னும் கடன் அடைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் கட்டுவதற்கும் வழியில்லை. ஏறிய தொகையும், கண்டக்டர் அம்மாவுக்கு வருடத்துக்குக் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது.

கண்டக்டர் அம்மா பஸ்ஸில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள். வாரத்தில் மூன்று நாள் காலையில் வந்து மாலை வரை மாமியாரோடு இருப்பாள். மாமியாருக்கு எண்பது நடக்கிறது. கால் நன்றாக இருக்கிறது, நினைவுதான் முன்னே பின்னே. போன வருடம் பிளாஸ்டிக் ஜக்கை அடுப்பில் வைத்துப் பற்ற வைத்துவிட்டு டீ கொதிக்கட்டும் என்று காத்திருந்தாள். அதற்கப்புறம்தான் ஆள் வைத்தார்கள். மற்ற இரண்டு நாள் கணவர் வேலையை மாற்றிக்கொண்டு பகலில் வீட்டில் இருப்பார்.

"ஆளை நிறுத்துனா வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கண்டிப்பா வேணும். இன்ஷூரன்ஸை நிறுத்துனா ஆள் கண்டிப்பா வேணும்" என்றார் கணவர்.

"சிரிக்கிற விஷயமா இது?"

"நான் எங்க சிரிச்சேன்?"

வீட்டில் நடப்பது எதுவும் கண்டக்டர் அம்மா கண்ணுக்குத் தப்பியதே இல்லை. திங்கட்கிழமை வந்ததும் பையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "ஏம்மா, என்னை நிறுத்தப் போறதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு. ரெண்டு தெரு தள்ளி ஒரு தாத்தாவுக்குக் கூப்பிடுறாங்க" என்றாள்.

"யாரு சொன்னா நிறுத்தப் போறோம்னு?"

"யாரும் சொல்லல. என்னைக்கும் இல்லாம நீ எனக்குப் பிஸ்கட் வெச்ச பாரு, அதான் சந்தேகம் வந்துச்சு."

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. இந்த அம்மாவை விட்டால் இன்னொருத்தி கிடைப்பாள். ஆனால் மாமியார் கையிலிருந்து தீப்பெட்டியைச் சண்டையில்லாமல் வாங்கத் தெரிந்தவள் கிடைக்க மாட்டாள். கிடைக்கவில்லையென்றால் யார் வேலையை விடுவது என்று அவளுக்குத் தெரியும். லிஃப்ட்காரருக்குச் சம்பளம் கொஞ்சம் கூட. சாமான் அறைச் சாவியைத்தான் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் மருத்துவமனையில், தீர்ந்துபோன பிளாஸ்டர் டேப் கேட்டுக் கீழே வந்த பெரிய சிஸ்டர், ஸ்டோர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"எத்தனை வருஷமா அதே கம்பெனி?"

"பதினொண்ணு."

"வேற எங்கயும் கேட்டதில்ல?"

"இல்ல சிஸ்டர்."

"நல்லா இருக்கு. ஒரு பெட்டி கையுறைக்கு மூணு கொட்டேஷன் இல்லாம எங்களை முறைப்பே. நீ குடியிருக்குற வீட்டுக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணா?"

ஸ்டோர் அக்காவுக்குச் சுருக்கென்றது. டேப்பை எடுத்துக் கொடுத்தாள். வழக்கமாக இரண்டு கேட்டால் ஒன்று கொடுப்பவள், மூன்று கொடுத்தாள்.

மாலையில் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அவளுக்குத் தெரிந்த விதத்தில் ஆரம்பித்தாள். மருத்துவமனையில் கொட்டேஷன் கேட்பதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. என்ன வேண்டும் என்பதை ஒரே சீட்டில் எழுதி, எல்லாக் கம்பெனிக்கும் அதையே அனுப்புவாள். ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் கேட்டால் விலையை ஒப்பிட முடியாது. சீட்டில் எழுதுவது பழைய ஆர்டரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் வேறு சாமான் வந்து இறங்கும்.

பழைய பாலிசியை எடுத்து வைத்து எட்டு வரி பெயர்த்து எழுதினாள். வீட்டின் வயது. சதுர அடி. கூரை என்ன வகை. சுவர் என்ன வகை. குடியிருப்போர் எத்தனை பேர். அழுத்த வாயுக் கலன்கள் நான்கு, பின்னறை. குழாய் வெடித்து வரும் நீர்ச் சேதம் உட்பட. முந்தைய இழப்பீடு ஒன்று. ஒரு எழுத்து மாறவில்லை. சீட்டு அவளுக்கே பிடித்திருந்தது.

முதல் கம்பெனிக்காரன் தேனாகப் பேசினான். பழைய கம்பெனி கேட்டதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொன்னான். அவள் ஏழாவது வரியில் விரலை வைத்தாள்.

"குழாய் உடைஞ்சு வர்ற தண்ணி இதுல சேர்ந்துதானே?"

"வெள்ளம் எல்லாம் கவர் ஆகும் மேடம்."

"எங்க வீடு மேட்டுல இருக்கு தம்பி. வெள்ளம் வந்தா முதல்ல உங்க ஆபீஸ்தான் போகும். நான் குழாயக் கேட்டேன்."

"அது மட்டும் தனியா சேர்த்துக்கணும் மேடம்."

சேர்த்தால் பழைய கம்பெனியைத் தாண்டிவிட்டது. விலை குறைந்த கையுறை மாட்டும்போதே கிழியும் என்பது அவள் அனுபவம். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டாவது கம்பெனி புதன்கிழமை மறுத்தே விட்டது.

"உங்க வீட்டை நாங்க எடுக்க முடியாதுங்க."

"ஏன்?"

"சிஸ்டம் எடுக்கல மேடம்."

"சிஸ்டம் எங்க வீட்டைப் பாத்திருக்கா?"

"காரணம் எங்களுக்குக் காட்டாது மேடம்."

வீடு பழசாகிவிட்டது, இனி யாரும் சீந்த மாட்டார்கள் என்று நினைத்தாள். சுவர், கதவு, நிலை எல்லாவற்றையும் வயசானவர்களைப் பார்ப்பது போல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கணவர், "நானே அந்தப் பழைய கம்பெனிக்குப் போன் போட்டு, உங்க சங்காத்தமே வேணாம்னு சொல்லிடுறேன்" என்று எழுந்தார்.

"உட்காருங்க. புதுப் பேப்பர் கைக்கு வராம பழசை விட்டா நடுவுல ஒரு நாள் வெறும் வீடா நிக்கும். அன்னைக்குப் பாத்துத்தான் உங்கம்மா டீ போடுவாங்க."

வியாழக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து மூன்றாவது கம்பெனியைக் கூப்பிட்டாள். எடுத்தவளுக்குக் கடும் ஜலதோஷம். வாக்கியத்துக்கு ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள். ஆனால் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஐந்து வரி ஒழுங்காகப் போயிற்று.

"ஆறாவதுல அழுத்த வாயுக் கலன் நாலுன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன கேஸ் மேடம்?"

"ஆக்ஸிஜன். என் மாமனாருக்கு நுரையீரல் பிரச்சினை."

"அவருக்கு நாள் முழுக்க ஓடுதா, இல்ல தேவைப்படும்போது மட்டுமா?"

ஸ்டோர் அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண் கூடத்துச் சுவரில் இருந்த மாமனார் படத்தில் போய் நின்றது.

"மேடம்?"

"அவரு போயி ஆறு வருஷம் ஆச்சும்மா."

அந்தப் பக்கம் ஒரு உறிஞ்சல். "அப்ப சிலிண்டர் யாருக்கு மேடம்?"

"இரு. வைக்காதே. போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்."

போனும் கையுமாகப் பின்னறைக்கு நடந்தாள். கண்டக்டர் அம்மாவும் மாமியாரும் கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று பின்னாலேயே வந்தார்கள். கதவைத் திறந்தாள். ஒரு மாப், இரண்டு வாளி, சக்கரம் உடைந்த பெட்டி, ஓடாத மேஜை மின்விசிறி. சுவரில் சங்கிலி மாட்டிய கொக்கி மட்டும் இருந்தது. தரையில் நான்கு துரு வட்டங்கள்.

"என்ன தேடுறே?" என்றாள் மாமியார்.

"மாமாவோட சிலிண்டர் அத்தை."

மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் நீயே வேன்ல ஏத்தி அனுப்புனியே. எனக்குத்தான் மறதின்னு எல்லாரும் சொல்றீங்க."

கண்டக்டர் அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"நான் இருக்கேன். சிலிண்டர்தான் இல்ல."

ஜலதோஷக்காரி சிரித்து, தும்மி, மறுபடியும் சிரித்தாள். "அந்த ஒரு வரிதான் மேடம் உங்களுக்கு விலையை ஏத்துறது. ஆக்ஸிஜன் வெச்சிருக்குற வீட்டுல தீப்பிடிச்சா நிமிஷமா பரவிடும். இப்ப எல்லாரும் அதுக்குக் கடுமையா ரேட் போடுறாங்க, சில பேர் எடுக்குறதே இல்ல. திருப்பிக் குடுத்ததுக்குப் பேப்பர் ஏதாவது இருக்கா?"

பேப்பர் இருக்கிறதா என்று அவளைப் பார்த்து ஒருத்தி கேட்டுவிட்டாள். அலமாரியின் கீழ்த்தட்டில் மாமனாரின் மருத்துவ ஃபைல் இருந்தது. கடைசியிலிருந்து மூன்றாவது தாள். சிலிண்டர்களை வாடகைக்குக் கொடுத்த வாயுக் கம்பெனி அவற்றை அவளுடைய மருத்துவமனை வழியாகத்தான் திரும்ப எடுக்கும். "காலி சிலிண்டர் நான்கு. எண்ணிச் சரிபார்த்து வாங்கப்பட்டது." கீழே தேதி, ஸ்டோர் முத்திரை, அவளுடைய கையெழுத்து. மருத்துவமனைக் கிடங்கில் நான்கு என்று எண்ணி வாங்கியவள், வீட்டுப் பாலிசியில் நான்கைக் கழிக்க மறந்து ஆறு வருடம் பணம் கட்டியிருக்கிறாள்.

தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். பின்னறையையும் வாளியோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினாள். முக்கால் மணி நேரத்தில் விலை வந்தது. குழாய்த் தண்ணீர் உட்பட, போன வருடம் கட்டியதைவிட ஒரு சின்னத் தொகைதான் கூட. அதை ஒரு முறை படித்தாள், எழுந்து போய் முகம் கழுவினாள், வந்து இன்னொரு முறை படித்தாள். சனிக்கிழமையிலிருந்து தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று.

முறை என்று ஒன்று இருப்பதால் திருத்திய சீட்டைப் பழைய கம்பெனிக்கும் போனில் படித்துச் சொன்னாள். அவர்களும் இறங்கி வந்தார்கள், ஆனால் இவ்வளவு தூரம் இல்லை. ஆறு வருடமாகக் கூடக் கட்டியதைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டாள். நீங்கள் சொல்லாமல் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். பத்து நிமிஷம் வாதாடினாள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை என்று தெரிந்ததும் போனை வைத்துவிட்டாள்.

மாலையில் கணவர் வந்ததும் ஆறாவது வரியைக் காட்டினாள். அவர் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"போன வருஷம் கையெழுத்துப் போடுறப்ப பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க?"

"அப்பா சம்பந்தமா மிச்சம் இருந்த ஒரே வரி. அடிக்க மனசு வரல."

"கூடத்துல அவரு படம் மாட்டியிருக்கு. அதுக்குப் பிரீமியம் கிடையாது. இனிமே அதைப் பாருங்க."

"சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் புது பாலிசி வந்தது, ஆறாவது வரியில் கலன் இல்லை என்று. அவள் எட்டு வரியையும் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து சரிபார்த்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். குடியிருப்போர் மூன்று பேர் என்று இருந்ததற்கு மாமியாரைத் தொட்டு, கணவரைத் தொட்டு, தன்னையும் சேர்த்து எண்ணினாள். அதற்குப் பிறகுதான் பழைய கம்பெனிக்கு, இனி தொடரவில்லை என்று எழுதினாள்.

அன்று கண்டக்டர் அம்மா தான் வைத்த கெடுவுக்குப் பதில் கேட்க வந்தாள். உள்ளே வராமல் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"என்னம்மா, நான் இறங்கணுமா?"

"இறங்க வேணாம். உள்ள வாங்க."

கண்டக்டர் அம்மா பையை ஆணியில் மாட்டினாள். மேஜையில் டீ மட்டும் இருந்தது.

"பிஸ்கட் எங்க?"

"இன்னைக்கு இல்ல."

"அப்பச் சரி" என்று உட்கார்ந்து, சீட்டுக்கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தாள். ஸ்டோர் அக்கா சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.