தனிப் பானை

நல்லது செய்தவர்களை நான் மறந்திருக்கிறேன். கெட்டது செய்தவனை மறந்ததே கிடையாது. இது ஒரு வியாதி என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஓமானுக்குப் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு கம்பெனியில் பம்ப் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற எலக்ட்ரீஷியன் வேலை. மஸ்கட்டிலிருந்து மூன்று மணி நேரம் பாலைவனத்துக்குள் போனால் எங்கள் கேம்ப். தென்காசியில் எங்கள் வீட்டில் கேக் வாங்கினால்கூட முட்டை போடாததுதானா என்று இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்குவோம். அப்படி வளர்ந்தவன், முதல் நாள் மத்தியானம் மெஸ்ஸில் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். பரிமாறியவன் மீன் குழம்பில் கிடந்த கரண்டியை எடுத்து ஒரு உதறு உதறினான், அதே கரண்டியால் பருப்பை அள்ளி என் சோற்றில் ஊற்றினான். தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து சாப்பாடு தேடுவதுதான் எனக்கு முதல் வேலை, மோட்டாரெல்லாம் அப்புறம். பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையில் கொண்டைக்கடலையை அரைத்து வடை மாதிரி ஒன்று போடுவார்கள். அதைக் கண்டதும் உயிர் வந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கோழி பொரித்த எண்ணெயிலேயே அதையும் போட்டு எடுக்கிறான். எதிர்ப்புறம் ஒரு மலையாளி டீக்கடை வைத்திருந்தார். பருப்புக் கறி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் தாளித்த எண்ணெய் மீன் வறுத்தது, உங்களுக்கு வேண்டாம் சேட்டா என்று சொல்லிவிட்டார். யோக்கியமான மனிதர். அவர் முகத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். கடைசியில் குப்பூஸ் என்கிற ரொட்டி, லபன் என்கிற மோர், பச்சை வெங்காயம், பேரீச்சம்பழம் என்று வண்டி ஓடியது. ஒரு மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. போனில் என் முகத்தைப் பார்த்த அம்மா, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கிளம்பி வா என்று அழுதாள்.

மெஸ்ஸில் பெரிய சமையல்காரர் எங்கள் பக்கத்துக்காரர். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் வீடு. கேம்பில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர், எனக்கு அண்ணாச்சி. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏலே, நம்ம ஊருப் பிள்ளை பட்டினி கிடந்தா எனக்குல்லா கேவலம். நாளையிலிருந்து ஒனக்குன்னு தனிப் பானை வைக்கேன்.”

சொன்னபடியே வைத்தார். சின்ன அலுமினியப் பானை, அதற்கென்று ஒரு கரண்டி. முதல் நாள் வெள்ளைக் குருமா. தேங்காயும் முந்திரியும் அரைத்து, உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டு, அப்படி ஒரு ருசி. மூலையில் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சாமி மாதிரி ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அவருடைய பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்டு வாங்கிக் காசி விஸ்வநாதர் கோவிலில் அர்ச்சனை செய்தாள். அந்த அர்ச்சனையைத் திரும்ப வாங்க வழி இருந்தால் இன்றைக்கும் வாங்கிவிடுவேன்.

ஒன்றரை வருஷம் அந்தப் பானையில் சாப்பிட்டேன். ஒரு நாள் காய்ச்சலாக இருந்ததால் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பி, கொஞ்சம் ரசம் கேட்கலாம் என்று மெஸ்ஸின் பின்வாசல் வழியாக உள்ளே போனேன். அண்ணாச்சிதான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பானை முன்னால் நின்றிருந்தான். கையில் இரண்டு க்யூப். கோழிச் சாற்றைக் காய்ச்சி, உப்புச் சேர்த்துக் கட்டியாக்கி விற்பார்களே, அது. உள்ளங்கையில் வைத்து நொறுக்கி என் குருமாவில் தூவினான்.

என்ன அண்ணாச்சி இது என்று கேட்டேன். அவன் பதறக்கூட இல்லை.

“வெறும் கட்டிதானலே? இதுல கோழி எங்க இருக்கு? எலும்பைக் கண்டியா, சதையைக் கண்டியா?”

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேஜையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, கேம்பில் அத்தனை பேருக்கும் முதல் வாரத்திலிருந்தே தெரியும். எனக்குச் சைவக்கோழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு முதல் கவளத்தை எடுப்பதைப் பார்ப்பதற்காகவே எதிர் மேஜையில் இடம் பிடிப்பார்களாம். தின்றதுகூடப் பெரிதில்லை, குளித்து முழுகித் தீர்த்துக்கொள்ளலாம். இத்தனை பேர் தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. மிச்சமிருந்த பத்து மாதத்தைக் குப்பூஸும் மோருமாக ஓட்டினேன். இவனை ஒரு நாள் நாலு பேர் முன்னால் நிற்க வைக்காமல் சாக மாட்டேன் என்று ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஊருக்கு வந்து தென்காசியில் மோட்டார் வைண்டிங் கடை போட்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காப்பியைக் கொடுத்துவிட்டு முதலில் கேட்டதே சாப்பாட்டைப் பற்றித்தான். வெளிநாட்டில் கலப்பு ஒன்றும் இல்லையே என்றார். கறி சமைக்கிற வீட்டுக் கல்யாணத்தில் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், நம் ஊர்க்காரர் ஒருவர் எனக்கென்று தனிப் பானை வைத்துச் சமைத்தார் மாமா என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பாலைவனத்திலும் சைவத்தை விடாத மாப்பிள்ளை என்று போகிற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

போன ஆடியில் சாரல் நன்றாக இருந்தது. மாமா, நான், என் மனைவி, இரண்டு வயது மகள் நால்வரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு, அந்த ரோட்டில் புதிதாக வந்திருக்கிற சுத்த சைவ ஓட்டலுக்குப் போனோம். ஊரே அந்தக் கடைக் குருமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. இடியாப்பத்தில் ஊற்றி ஒரு வாய் வைத்தேன். அவ்வளவுதான். நாக்குக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், நெற்றி நிறையத் திருநீற்றுடன் அதே அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வருகிறான்.

“மாப்ளைக்கு இன்னொரு கரண்டி ஊத்துலே. அவுகளுக்கு இந்தக் குருமான்னா உசிரு.”

இவர் யார் என்று மாமா என்னிடம் விசாரித்தார். மஸ்கட்டில் மாப்பிள்ளைக்குத் தனிப் பானை வைத்தது நான்தான் என்றான் அவன். மாமா எழுந்து நின்று இடது கையால் அவன் தோளைத் தொட்டுக் கும்பிடாத குறை. அவன் மாமாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். ருசி தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் கொடுத்த நற்சான்றிதழிலேயே அவன் உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கேதான். நான் மட்டும் வயிறு சரியில்லை என்று தயிர்ச் சாதம் வாங்கிக்கொள்வேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயம் மட்டும் காரணம் இல்லை. யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்காத மாமா இலையைச் சாய்த்துக் குருமாவை வழிக்கும்போது என் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. என்னை அன்றைக்கு அந்தக் கேள்வி கேட்டீரே, இப்போது தின்னும் என்று நினைத்துக்கொள்வேன். இப்படியே ஐந்து மாதம் போயிற்று.

மகளுக்குத் தை மாதம் பண்பொழித் திருமலைக்கோவிலில் காது குத்துவதாக இருந்தது. மலையடிவாரத்தில் விருந்து. சமையலுக்கு அவனையே பேசப்போவதாக மாமா சொன்னபோதுகூட, எப்படியாவது வேறு ஆளைச் சொல்லித் தட்டிக்கழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாருமாக ஓட்டலுக்குப் போனோம். கை கழுவுகிற இடத்தில் அவன் என் பக்கத்தில் வந்து நின்று காதோரமாகச் சொன்னான்.

“என்ன சைவக்கோழி, சாமி விருந்தும் நம்ம கைதானாம்லா.”

முருகனுக்குச் செய்கிற விருந்து கெட்டுவிடுமே என்பதற்காகப் பேசினேன் என்று சொன்னால் அது பொய். அந்தப் பெயர்தான் என்னைக் கிளப்பியது. ஆனால் கோபத்தில் உளறக் கூடாது என்று மட்டும் தெளிவாக இருந்தேன். அவன் குணம் எனக்குத் தெரியும். அவனைத் திருடன் என்று சொல்லுங்கள், சிரிப்பான். அவன் சமையலைக் குறை சொன்னால் தாங்க மாட்டான்.

இருக்கைகள் நிறைந்திருந்தன. எல்லாம் அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம், மாலை போட்ட சாமிகள் ஒரு வரிசை. மாமா ஒவ்வொரு பதார்த்தமாகச் சொல்ல, அவன் எழுதிக்கொண்டிருந்தான். குருமா என்று மாமா சொன்னதும் நான் குறுக்கே விழுந்தேன். அது எதுக்கு மாமா, அண்ணாச்சி கையில் என்ன இருக்கிறது, க்யூப்பைப் போட்டால் நானே வைப்பேன் அந்தக் குருமாவை என்றேன். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவன் முகம் கறுத்தது. பேனாவை வைத்தான்.

“க்யூப்பைப் போட்டா ருசி வந்துருமோ? எப்பப் போடணும், எத்தனை போடணும்னு கை அறியணும்லா. நீ போட்டு வச்சுக் காட்டேன் பாப்போம்.”

பக்கத்து இலையில் இருந்த சாமி ஒருவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல், என்ன க்யூப் என்று கேட்டார். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவசர அவசரமாக, வெறும் கட்டிதான் சாமி, அதில் கோழியெல்லாம் கிடையாது என்றான். கோழி என்ற சொல் அவன் வாயிலிருந்தே வந்தது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் அந்தச் சாமி எழுந்தார். பிறகு வரிசையாக நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள். ஒரு பெரியவர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சட்டையை விடுவித்துக்கொண்டு அவன் என்னைக் கை காட்டினான்.

“இவன் மட்டும் பெரிய யோக்கியனோ? மஸ்கட்ல ஒன்றரை வருசம் இதைத்தானவே நக்கித் தின்னான்.”

இதை எதிர்பார்த்துத்தான் இறங்கியிருந்தேன். ஆமாம், தெரியாமல் தின்றேன், இவன்தான் ஏமாற்றிப் போட்டான், கையும் களவுமாகப் பிடித்தேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். கூட்டம் என் பக்கம்தான் நின்றது. மாமா போய் வாய் கொப்புளித்தார், திரும்பத் திரும்பக் கொப்புளித்தார். நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்ற முகத்தோடுதான் பார்த்திருப்பேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் மகள் இருந்தாள். ஊட்டிக்கொண்டிருந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“அப்போ மொத நாளே ஒங்களுக்கு ருசி தெரிஞ்சிருக்கும்லா?”

அவள் கண் என் இலைக்குப் போயிற்று.

“அதான் ஒங்களுக்கு மட்டும் தயிர்ச் சாதம்.” மகளின் வாயை முந்தானையால் துடைத்தாள். உதட்டைத் திறந்து உள்ளேயும் துடைத்தாள். “பிள்ளைக்கு நான் ஊட்டும்போதெல்லாம் எதிர்த்தாப்புல இருந்து பாத்துக்கிட்டுதான இருந்திய.”

பத்து நாளில் அந்தக் கடை பூட்டியாயிற்று. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, இன்னொரு கடை போட்டால் அங்கேயும் போவேன். தையில் சொன்ன நாளில் காது குத்தினோம். மாமா வேறு ஆளை வைத்துச் சமைத்தார், என்னோடு அளவாகப் பேசினார். அழுது ஓய்ந்த மகளுக்கு ஊட்டலாம் என்று, பருப்புச் சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த தன் அண்ணனிடம் திரும்பி, இது எந்தப் பாத்திரத்தில் எடுத்த சோறு என்று கேட்டாள்.