படத்துக்குப் பின்னால் வைத்த காகிதம்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். இங்கிலீஷில் என் பெயரை எழுதுவேன், பஸ் பலகையில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் என் உடம்பைப் பற்றி வந்த ஒரு காகிதத்தை என் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் காட்டவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரத்தில் உலையில் அரிசியை வீசித்தான் போடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், என் பெண் பத்தாவது படித்த வருஷம் அது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது இடது மாரில் புளியங்கொட்டை அளவு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. சொல்ல வெட்கம். முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஆறு மாதம் விட்டேன். அது என் தப்பு, முருகன் தலையில் அதைப் போட மாட்டேன். எலுமிச்சை அளவு ஆன பிறகுதான் கணவரிடம் சொன்னேன். ஆடி மாதம் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாரை எடுத்தார்கள்.

எடுத்த சதையில் ஒரு துண்டை ஐஸில் வைத்து டாக்டர் மதராஸுக்கு அனுப்பினார். அதில் ஒரு வகைப் புரதம் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்களாம். இருந்தால் அதற்கென்று ஒரு மாத்திரை உண்டு, அது நோயைப் பிடித்து வைக்கும். இல்லாவிட்டால் அந்த மாத்திரை கேட்காது, கடுமையான ஊசி மருந்துதான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு டாக்டர் இதை வராந்தாவில் நின்று, பாதி இங்கிலீஷில், என் கணவரிடமும் அவருடைய அண்ணனிடமும் சொன்னார். நான் பத்தடி தள்ளிக் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் மச்சாண்டார் என்போம். தம்பி பெண்டாட்டி அவர் எதிரில் நிற்கவும் மாட்டாள், நேராகப் பேசவும் மாட்டாள். எங்கள் மச்சாண்டாருக்கு நாமக்கல்லில் இரண்டு லாரி. பர்மிட், எஃப்.சி., பிரேக் டவுன் என்று நாள் முழுக்க இங்கிலீஷ் வார்த்தைகளைப் புரட்டுகிறவர். அதனால் வீட்டில் இங்கிலீஷுக்கு அவர்தான் அதிகாரி.

அடுத்த கட்டிலில் ஆத்தூர்க்காரி ஒருத்தி இருந்தாள். என்னைவிடச் சின்னவள். அவளுக்கும் அதே ஆபரேஷன், அதே மதராஸ் டெஸ்ட். எனக்குத் தையல் பிரித்த அன்று அவள் ரிசல்ட் வந்தது. அவள் புருஷன் லட்டுப் பொட்டலத்தோடு வார்டுக்குள் ஓடி வந்தான்.

"நெகடிவ்னு வந்துடுச்சுங்க! ஒண்ணும் இல்லியாம். நாளைக்கே போய் மொட்டை போடறேன்!"

"ஏற்கெனவே பாதி மொட்டைதான், சாமிக்கு மிச்சத்தைக் குடு" என்று அவள் சிரித்தாள். என் கையில் ஒரு லட்டை வைத்து, "உங்களுக்கும் இதேமாதிரி வரும்க்கா" என்றாள். பாதியை நான் தின்றேன், மீதியைக் கணவருக்குக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து எங்கள் காகிதம் தபாலில் வீட்டுக்கு வந்தது. நான் புறக்கடையில் இருந்தேன். உள்ளே நடந்த பேச்சைக் கணவர் பிற்பாடு வாய்விட்டுச் சொன்னார்.

"பாசிட்டிவ்னு போட்டிருக்குது தம்பி."

"அப்பிடின்னா என்னங்ண்ணா?"

"நம்ம டிரைவருக்குச் சளி டெஸ்ட்டுல பாசிட்டிவ்னு வந்துச்சே, டி.பி.ன்னு படுக்கப் போட்டாங்களே, மறந்துட்டியா? ஆத்தூர்க்காரிக்கு நெகடிவ், ஒண்ணுமில்லீன்னு லட்டுக் குடுத்தான். இது அதுக்கு நேரெதிர். நோவு இன்னும் உள்ளதான் இருக்குது."

"டாக்டரைப் போய்ப் பாத்துட்டு வரலாங்களா?"

"பாத்து? இன்னும் அறுக்கோணும்பாரு. இருக்கற நாளாவது நிம்மதியா இருக்கட்டும். அவகிட்டச் சொல்லிப்போடாத."

காகிதத்தைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார்கள். நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற படம். வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழற்றித் துடைப்பவள் நான்தான். ஆனால் அது பெரிய படம், கழற்ற இரண்டு கையும் வேண்டும்; ஆபரேஷனுக்குப் பிறகு என் இடது கை தோளுக்கு மேலே போகாது. அந்தத் தைரியம் அவர்களுக்கு. மற்ற யாருக்கும் அந்தப் படத்தைத் துடைக்கத் தோன்றாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வீடே மாறிவிட்டது. மோரில் தண்ணீர் போதவில்லை என்று கத்துகிற மாமியார், "சாப்புடு சாமி, இன்னும் ஒரு வாய்" என்றாள். எங்கள் பக்கம் பாசமாகக் கூப்பிடும்போதுதான் ஒருவரைச் சாமி என்போம். பங்காளிகள் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து, எதிரில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "டாக்டர்கிட்ட எப்பங்க போறது?" என்று கேட்டால், "அவரே சொல்லி உடுவாரு" என்று கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு என் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மச்சாண்டார் பெண்டாட்டியின் தம்பி, ரிக் வண்டியில் ஆந்திரா பக்கம் போர்க் கிணறு தோண்டுகிறவன், இருபத்தெட்டு வயது.

"பரீட்சை எழுதட்டுங்களே, இன்னும் மூணு மாசந்தானே" என்றேன்.

"நீ கண்ணால பாக்க வேண்டாமா புள்ளே?" என்று சொன்ன மாமியார், சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். குலதெய்வம் கோயிலில் பூவாக்கும் கேட்டுவிட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம். வெள்ளைதான் வந்ததாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எனக்கு ஒரு வேலை சொல்லிக் கொடுத்திருந்தாள். சுவரில் விரல்களை வைத்து, நடப்பதுபோல, தினம் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். அடுப்படிச் சுவரில் நடந்தேன். கை எட்டிய இடத்தில் கரியால் கோடு போட்டேன். உயிர் போகிற வலி. மார்கழி முதல் வெள்ளிக்கிழமை என் விரல் படத்து ஆணியைத் தொட்டது. சந்தோஷத்தில் "முருகா" என்று கத்திக்கொண்டே படத்தைக் கழற்றினேன். காகிதம் காலடியில் விழுந்தது. என் பெயர் எழுதியிருந்தது.

பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் எழுத்துக் கூட்டினாள். "ரிசப்டார்... புரோட்டீன்... பாசிட்டிவ்." மறுபடி படித்தாள். "புரோட்டீன்னா புரதம்மா, எங்க சயின்ஸ் புஸ்தகத்துல வருது. புரதம் இருக்குதுன்னுதான் போட்டிருக்குது. நோவு இருக்குதுன்னு எங்கியும் போடலியே?"

யாரிடமும் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சேலம் போனேன்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். "இவ்வளவு நாள் எங்கம்மா போனீங்க? இது நல்ல ரிசல்ட். அன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சிருக்கணும். நாலு மாசம் போச்சு!"

"நல்லதுன்னு எனக்கு ஆருங்க சொன்னா?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட விளக்கமா சொன்னேனே."

"அறுத்த மாரு ஆரோடதுங்க டாக்டருங்க?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். புரதம் இருப்பதால் பிழைத்தே தீருவேன் என்று எழுத்து இல்லை, ஆனால் மாத்திரை வேலை செய்ய இடம் இருக்கிறது, விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். நான் ஆத்தூர்க்காரியைப் பற்றிக் கேட்டேன்.

"ஊசி மருந்துக்கு வரச் சொல்லியிருந்தேன். வரவே இல்லை."

எப்படி வருவாள்? ஒண்ணுமில்லை என்று லட்டுக் கொடுத்தவர்கள் ஆயிற்றே.

வீட்டுக்குத் திரும்பியபோது மச்சாண்டார் கட்டிலில் உட்கார்ந்து கல்யாணப் பந்தலுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் எதிரில் போய் நின்றேன். மாமியார், "அடியே, தள்ளி நில்லு" என்றாள். நான் தள்ளவில்லை. மாத்திரை டப்பாவை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"பாசிட்டிவ்னா நல்லதாமுங்க. புரதம் இருக்குதாம். இந்த மாத்திரை கேக்குமாம். நாலு மாசமா உங்க இங்கிலீசு என்னைப் பாடையில ஏத்தி வெச்சிருந்துச்சுங்க. கல்யாணத்தை நிறுத்துங்க. புள்ள பரீட்சை எழுதோணும்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "சாமியே வெள்ளைப் பூக் குடுத்துச்சு. அதையும் தப்புங்கிறியா?"

"என்னன்னு கேட்டுப் பூப் போட்டீங்க?"

கணவர்தான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "புள்ள கல்யாணத்தை அவ அம்மா கண்ணால பாப்பாளான்னு கேட்டோம்."

"பாப்பான்னு சாமி சொல்லிருச்சுதல்ல? அப்பறம் என்னங்க அவசரம்? தை மாசம்னு சாமி சொல்லுச்சா, நீங்க சொன்னீங்களா? அவ படிச்சு முடிச்சுக் கட்டிக்கிட்டாலும் நான் பாப்பேன். எனக்குச் சாமி மேல நம்பிக்கை இருக்குது. உங்களுக்குத்தான் இல்லை!"

பந்தல்காரர் மெதுவாகச் செருப்பைத் தேடினார்.

நான் விடவில்லை. "இன்னொண்ணுங்க. ஆத்தூர்க்காரிக்கு நெகடிவ்னா ஒண்ணுமில்லீன்னு அர்த்தமில்லையாம். அவளுக்கு ஊசி போட்டே ஆகோணுமாம். எனக்குப் படிச்ச வாயால அங்கியும் போய்ப் படிச்சுட்டு வாங்க. காலைல மொத பஸ்ஸுக்கே போங்க."

போனார். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. வாசல் தொட்டியில் சட்டையோடு மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய் வந்தால் அப்படித்தான். நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"முந்தாநாளே போயிட்டாளாம், சாமி. ரெண்டே ரெண்டு நாளு பிந்திப்போச்சு."

ரெண்டு நாள் இல்லைங்க, நாலு மாசம் என்று வாய் வரை வந்தது. துண்டைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போய், முருகன் எதிரில் நின்று, ராத்திரி வேளைக்கு உள்ள மாத்திரையை அப்போதே விழுங்கினேன். பெண் கூடத்தில் உட்கார்ந்து சயின்ஸ் புஸ்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.