குவாரி ஏற்றத்தில் இறுகிய தசை

அரியலூரில் நான் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்கின் வாசலில் செருப்பைக் கழற்றிய செல்வராசு, என்னைப் பார்த்ததும் மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"லேடியா? நான் வரல. வா, போலாம்."

அவர் மனைவி மலர்க்கொடி நகரவில்லை. "பெரம்பலூர் டாக்டரு இவங்ககிட்டத்தான் போகச் சொன்னாரு. இதுக்கு மேல எங்க போறது? பேசாம உள்ள போங்க."

இடுப்புத் தளத் தசைகளுக்குச் சிகிச்சை தருவது என் வேலை. இடுப்பெலும்புக்குக் கீழே, கிண்ணத்தின் அடிப்பகுதிபோல் இருக்கும் தசைகள் அவை. சிறுநீரையும் மலத்தையும் பிடித்து வைப்பதும், வேண்டிய நேரத்தில் விடுவதும் அவைதான். பிரசவத்துக்குப் பிறகு தும்மினால் சிறுநீர் கசியும் பெண்கள் வருவார்கள். பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குப் பயந்து அடக்கி அடக்கி, வயிறு கல்லாகிப்போன பிள்ளைகள் வருவார்கள். ஆண்கள் குறைவு. வந்தாலும் புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்த வயதானவர்கள். செல்வராசுவுக்கு நாற்பதுகூட இருக்காது.

ரெட்டிபாளையம் பக்கம் ஊர். சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் லாரி ஓட்டுகிறார். உட்கார்ந்தால் அடியில் வலி. சிறுநீர் கழித்துவிட்டு வந்தாலும் மிச்சம் இருப்பதுபோலவே இருக்கும். ஸ்கேன், யூரின் டெஸ்ட் எல்லாம் நார்மல். எந்த மாத்திரைக்கும் வலி கேட்கவில்லை.

"கேன்சரா மேடம்? எங்கிட்ட மறைக்கிறாங்களா?"

"இல்லைங்க. அதெல்லாம் பாத்துட்டுத்தான் டாக்டர் இங்க அனுப்பியிருக்காரு."

"போன்ல ஒரு வீடியோ பாத்துட்டு, மூத்திரத்த அடக்குற தசைய இறுக்கி இறுக்கிப் புடிக்கிறேன். வண்டி நிக்கிறப்பல்லாம் செய்யறேன். செய்யச் செய்ய வலி கூடுதே, ஏன்?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தளர்ந்த தசைக்குத்தான் அந்தப் பயிற்சி. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் இவருக்கு ஏன் இறுகியது?

அவர் பாத்ரூம் போன நேரத்தில் மலர்க்கொடி என் பக்கம் குனிந்தார். "மேடம், ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதீங்க. மழைக்காலத்துலேர்ந்து எங்கிட்டக்கூடச் சரியாப் பேசறதில்ல. வாசல்லயே படுத்துக்குறாரு. எங்கயாச்சும் தப்பாப் போயி வாங்கிட்டு வந்த சீக்கா இது?"

"அப்படி எதுவும் இல்லம்மா. அந்த டெஸ்டும் பாத்திருக்காங்க" என்றேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தேகத்தோடு எத்தனை நாள் சோறு போட்டாரோ!

செல்வராசு திரும்பி வந்ததும் என்ன செய்யப்போகிறேன் என்று இருவருக்கும் விளக்கினேன். அவர் சம்மதித்தார். லுங்கியோடு ஒருக்களித்துப் படுக்க வைத்து, உட்காரும் எலும்புக்கு உள்பக்கமாகத் துணியின் மேலேயே விரல்களை வைத்தேன். மலர்க்கொடி தலைமாட்டில் நின்றார். தசை முறுக்கிய கயிறாக இருந்தது. மூச்சை மெதுவாக வயிற்றுக்குள் இழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் விரலுக்கடியில் இளக ஆரம்பித்தது.

அவர் கூச்சத்தை மறக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தேன். "காலையில வண்டிய எடுத்தா எங்கெங்க போவீங்க?"

"வூட்டுலேர்ந்து கெளம்பி ஷெட்டுக்குப் போவேன். அப்புறம் குவாரி கேட்டு. உள்ள எறங்கி லோடு வாங்குவேன்."

தசை அமைதியாக இருந்தது.

"அப்புறம்?"

"லோடோட ஏத்தத்துல ஏறணும்."

சட்டென்று விரலுக்கடியில் தசை சுருண்டது. மூச்சும் நின்றது. தற்செயலோ என்று நினைத்து, லோடு எடை போடும் மேடையைப் பற்றி, கல் உடைக்கும் கிரஷரைப் பற்றிக் கேட்டேன். இளகியது. மறுபடியும் ஏற்றத்துக்கு வந்தேன். மறுபடியும் சுருண்டது. இத்தனை வருட வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"அந்த ஏத்தத்துல என்ன நடந்துச்சு?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"மழையில சேறு. பாதி ஏத்தத்துல இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு. பிரேக் மிதிச்சும் வண்டி பின்னாடி வழுக்கிட்டே போவுது. பின்னாடி தண்ணி லாரி. அதுல குமரேசன் இருக்கான். ஒரு கல்லுல டயர் முட்டி நின்னுச்சு. முட்டலன்னா…"

குமரேசன் மலர்க்கொடியின் தம்பி.

மலர்க்கொடி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்குச் சாப்புடாமப் படுத்தீங்களே, அதுக்கா? இத ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"ஒந்தம்பிய கொல்லப் பாத்தேன்னு எப்படிடி சொல்றது?"

"நீங்க எங்க கொல்லப் பாத்தீங்க? வண்டி வழுக்குனா நீங்க என்ன செய்வீங்க?" என்று அழுதபடியே அவர் தோளில் கை வைத்தார் மலர்க்கொடி. நான் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் வெளியே போனேன்.

அதன் பிறகு வீடியோ பயிற்சியை நிறுத்தினோம். வயிற்று மூச்சு, வெந்நீர் ஒத்தடம், குத்த வைத்து உட்கார்ந்து தசையைத் தளர்த்துவது என்று தொடங்கினோம். ஏற்றத்தில் ஏறும்போது தன்னையறியாமல் மூச்சை அடக்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை; மூச்சை அடக்கினால் அந்தத் தசையும் கூடவே இறுகும். யோசனை சொன்னவர் மலர்க்கொடி.

"வாய் பேசிக்கிட்டே இருந்தா மூச்ச அடக்க முடியாதுல்ல மேடம்? ஏறும்போது சத்தமா எதையாச்சும் சொல்லச் சொல்லுங்க."

சின்ன வயதில் செல்வராசுவுக்குப் பஸ் கண்டக்டராகும் ஆசை. அதனால் டிப்பர் ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் "கைகாட்டி, தத்தனூர், உடையார்பாளையம், ஜெயங்கொண்டம்" என்று பஸ் நிற்கும் ஊர்களைக் கூவிக்கொண்டே ஏறினார். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் பலித்தது. வலி மெல்ல மெல்லக் குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழை பெய்தால் இரண்டொரு நாள் தலைகாட்டும்.

சில மாதம் கழித்துச் செல்வராசு குமரேசனையும் கூட்டிக்கொண்டு வந்தார். "இவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் மேடம்" என்றார்.

குமரேசன் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். "எனக்குத் தெரியாதா மாமா? கண்ணாடி வழியா ஒங்க லாரி எறங்கி வர்றதப் பாத்துக்கிட்டேதான உக்காந்திருந்தேன். நான் பேச்செடுத்தா ஒங்களக் குத்திக் காட்டுற மாதிரி ஆயிடும்னுதான் இருந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்தான். "மேடம், எனக்கும் அன்னையிலேர்ந்து அந்த ஏத்தத்துக்கிட்ட போனாலே மூத்திரம் முட்டுது. அடக்க முடியல."

செல்வராசு அவனை வெறித்துப் பார்த்தார். "அடப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

இளம் பிசியோக்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். தசை தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்பதை விரல் சொல்லிவிடும். ஏன் என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள். கூடவே, அந்த இடத்தில் வேறு யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். நான் அதைக் கேட்டிருந்தால் குமரேசன் அத்தனை மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.