நிழல் விழுந்த படம்

எங்கள் நூலகத்தில் அவரைச் ‘சனிக்கிழமை சார்’ என்றுதான் சொல்வோம். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் கதவைத் திறக்கும்போது, கையில் சின்ன டார்ச்சோடு வாசலில் நிற்பார். பழைய மொழி ஒன்றைத் தானே படித்துக்கொண்டவர். “கோழி கிண்டின மாதிரி விலாசத்தையெல்லாம் படிச்சு வீடு சேத்தவன்மா நான். எண்ணூறு வருஷத்துக் கையெழுத்தெல்லாம் எனக்கு எந்த மூலைக்கு?” என்பார்.

அவர் கேட்பது எப்போதும் ஒரே புத்தகம்தான். ஆட்டுத்தோலில் எழுதிய வைத்திய நூல். வைத்தியத்தில் அவருக்கு அக்கறையே கிடையாது. அந்தக் காலத்தில் அதைக் கையால் நகலெடுத்த ஆள், மை தொடாமல் வெறும் கூர்முனையால் ஓரங்களில் சில வரிகள் கீறி வைத்திருந்தான். நேராகப் பார்த்தால் வெறும் தோல். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கீறலில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். நாற்பதாம் தாளில், ‘மகளுக்குக் காய்ச்சல்.’ ஐம்பத்திரண்டில், ‘இன்னும் இறங்கவில்லை.’ கடைசியில் எழுதாமல் விட்ட தாளிலும் ஏதோ கீறல் இருப்பதை ஒருநாள் கண்டுபிடித்தார்.

“எங்க வீட்டுல ஒண்ணு இதே மாதிரிதான் காய்ச்சல்ல போச்சும்மா. மூணு வயசு. இதாவது பொழச்சுதான்னு பாத்துடணும்.”

அதற்குள் மூடும் நேரமாகிவிட்டது. “எண்ணூறு வருஷமா இருக்கறது ஒரு வாரத்துல எங்க ஓடிடப் போகுது? கெளம்புங்க சார்” என்று விரட்டியவள் நான்தான். என் வாயில் அன்றைக்கே சூடு போட்டிருக்க வேண்டும்.

அந்த வாரமே புத்தகம் படமெடுக்க என் மேசைக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, துளி நிழல் விழாமல் எடுப்பதுதான் எங்கள் தொழிலில் சுத்தம். சோதனைக்குக் கடைசித் தாளை எடுத்த முதல் படத்தில் ஒரு விளக்கு எரியவில்லை. தாள் முழுக்க நிழல். சனியன் என்று ‘பழுது’ கோப்பில் தள்ளினேன். தாள்களும் அங்கங்கே நெளிந்திருந்தன. நெளிந்ததையெல்லாம் லேசாக ஈரம் காட்டி, கனத்த கண்ணாடிக்கு அடியில் மூன்று நாள் அழுத்தினேன். சப்பென்று படிந்தன. தலைமை நூலகர்கூட மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கணினியில் படப் பிரதி வந்துவிட்டதால் அசலை இனி யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. சார் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அசலைக் காட்டச் சொல்லி மனுப் போட்டார்.

“அசல்ல இருக்கறதுதானே சார் படத்துல வரும்? இல்லாததை எங்கேருந்து கொண்டுவர்றது?” என்று தலைமை நூலகர் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் நடையாய் நடந்தார். தொல்லை தாங்காமல் அரைமணி நேரம் கொடுத்தார்கள். நான்தான் காவலுக்கு நின்றேன். கடைசித் தாளில் டார்ச்சைச் சாய்த்தார். ஒன்றுமில்லை. நாற்பதாம் தாளுக்குப் போனார், ஐம்பத்திரண்டுக்குப் போனார். எல்லாம் மொழுமொழுவென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுத்தின அழுத்தில் கீறல் அத்தனையும் படிந்துபோயிருந்தது. செய்தவள் நான்.

சார் டார்ச்சை அணைத்தார். “உங்களையெல்லாம் வீணா அலைக்கழிச்சுட்டேன்மா. கண்ணுதான் ஏமாத்திடுச்சு போல. இல்லாததைப் பாத்திருக்கேன்.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று ஊமைக்கோட்டான் மாதிரி நின்றேன். அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் அவர் வரவில்லை. நான்கு மாதம் கழித்து, மாரடைப்பில் போய்விட்டார் என்று தபால்காரர் வந்து சொன்னார்.

போன மாதம் கணினியில் இடமில்லை என்று ‘பழுது’ கோப்பை அழிக்க உட்கார்ந்தேன். அந்த முதல் படம் வந்தது. ஒற்றை விளக்கின் சாய்ந்த வெளிச்சத்தில், கடைசித் தாளில் ஒரு வரி பளிச்சென்று நின்றது. அந்த மொழி எனக்குத் தெரியாது. தலைமை நூலகரிடம் ஓடினேன். படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“‘இன்று பசிக்கிறது என்றாள்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கு.”

படத்தை அச்செடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போய், அந்த வரியின் அர்த்தத்தைச் சொன்னேன். அவர் மனைவி அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“பொழச்சுடுச்சா!” என்றார். பிறகு, “கடைசி வரைக்கும் தன் கண்ணைத்தான்மா திட்டிக்கிட்டிருந்தாரு. அந்த டார்ச்சைக்கூட யாருக்கோ குடுத்துட்டாரு.”

“அவர் கண்ணுல ஒரு குறையும் இல்லக்கா. தாளை அழுத்தி அழிச்சது நான்தான்” என்றேன்.

“இது எப்போ தெரிஞ்சுது உனக்கு?”

“அன்னைக்கே. அவர் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டிருக்கும்போதே.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.